வண்டியைத் தூக்காமல் மண்ணை இறக்கியது

என் தம்பியின் தறிக்கூடத்தில் நான்காவது தறி ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. அதை ஓட்டினால் மற்ற மூன்றும் சேர்ந்து ஆடும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பொங்கலுக்கு மல்லசமுத்திரம் போயிருந்தபோது, "அக்கா, உன்ற கார் ஜாக்கியக் குடு. கொத்தனார் வர்ற வரைக்கும் முட்டுக் குடுத்து வெச்சுக்கறேன்" என்றான். கொடுத்தேன். கொத்தனார் இன்னும் வரவில்லை. ஜாக்கி அங்கேயே வேலையில் சேர்ந்து, ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கப்பட்டு, நிரந்தரப் பணியாளர் ஆகிவிட்டது.

இது எனக்கு நினைவுக்கு வந்த இடம் ஆட்டையாம்பட்டியைத் தாண்டி மூன்று கிலோமீட்டர். நேரம் காலை பத்தேகால். காரின் பின்பக்க இடது சக்கரம் தரையோடு தரையாகச் சப்பிக் கிடந்தது. டிக்கியைத் திறந்தேன். ஸ்டெப்னி இருந்தது, அதில் காற்றும் இருந்தது. நட்டைக் கழற்றும் ஸ்பேனர் இருந்தது. ஜாக்கி இருக்க வேண்டிய பள்ளத்தில் ஒரு குடை இருந்தது.

பெண்கள் பஞ்சருக்குப் பயப்படக் கூடாது என்று நான் ஒரு வார இதழில் முழுப் பக்கம் எழுதியிருக்கிறேன். அதில் முதல் வரியே, 'ஜாக்கியைச் சமதரையில் வைக்கவும்' என்பதுதான். ஜாக்கி இல்லாவிட்டால் என்ன செய்வது என்று அந்தக் கட்டுரையில் இல்லை. நகைச்சுவை எழுதுகிறவர்களிடம் இதுதான் கஷ்டம். எதையும் பாதிதான் தெரிந்துகொள்வார்கள். அதற்குள் தலைப்பு கிடைத்துவிடும்.

நான் போய்க்கொண்டிருந்தது மல்லசமுத்திரத்தில் ஒரு பத்திர எழுத்தரின் கடைக்கு. பன்னிரண்டு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் டோக்கன். அம்மா முன்பே போய்விட்டார்; அப்பா போய் ஒரு வருடம் முடிந்திருந்தது. எங்கள் பக்கத்தில் அதற்குப் பிறகு ஒரு காரியம் நடக்கும். கட்டிக்கொடுத்த பெண்களை வரவழைத்து, சொத்தில் எனக்குப் பாத்தியதை இல்லை என்று ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். யாரும் மிரட்டுவதில்லை. தாம்பாளத்தில் பட்டுப்புடவை, வெற்றிலை பாக்கு, பழம் வைத்துத் தருவார்கள். பிறகு வடை பாயசத்தோடு சாப்பாடு. கையெழுத்துப் போட்டவள் கண் கலங்குவாள், வாங்கினவர்களும் கலங்குவார்கள். பார்க்கிறவர்களுக்கு இன்னொரு கல்யாணம் மாதிரி இருக்கும். சட்டம் பெண்ணுக்கும் சம பங்கு என்கிறது. சட்டத்துக்கென்ன, அதற்குப் பிறந்த வீடு கிடையாது.

நான் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பது கௌரவமான வார்த்தை, சொல்ல வரவில்லை. பத்து நாளாக அண்ணன் தினமும் போன் செய்தார். ஒவ்வொரு முறையும் இன்று சொல்லிவிடுவது என்று தொண்டையைச் செருமிக்கொண்டு எடுப்பேன். அவர் "சாப்பிட்டியா அம்மிணி" என்பார். அத்தோடு போச்சு. கடைசியில் நான் சொல்வது "சரிண்ணா" மட்டும்தான். ஊரில் உள்ள எல்லாரையும் கிண்டலடித்து எழுதுகிறவள், அண்ணனிடம் பத்து நாளில் பத்து 'சரி' சொல்லியிருந்தேன்.

அதனால்தான் நேரில். அதுவும் என் வண்டியில், நானே ஓட்டிக்கொண்டு, பத்திர எழுத்தர் முன்னால். நான் போகாமல் இருந்தால் மறுநாள் அண்ணனும் அண்ணியும் தம்பியும் தாம்பாளத்தோடு அயோத்தியாப்பட்டணத்தில் என் வீட்டு வாசலில் நிற்பார்கள். வீட்டுக்கு வந்தவர்களுக்கு என்னால் காபி கொடுக்க முடியும், டிபன் கொடுக்க முடியும். இல்லை என்று மட்டும் சொல்ல முடியாது. வீட்டுக்காரர் தானும் வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அவரைக் கூட்டிப்போனால் பேச்சு முழுக்க அவரோடு நடக்கும். "என்ன மாப்ள" என்று அண்ணன் தோளில் கை போடுவார். இவர் "சரிங்க மச்சான்" என்பார். அந்த ஒரு சொல் எங்கள் இரண்டு பேருக்கும் பொது.

சாலையோரம் நின்றேன். பைக்கில் வெள்ளைச் சட்டை வெள்ளை வேட்டியில் ஒருவர் வந்து நிறுத்தினார். சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, வண்டியில ஆம்பளைங்க யாரும் வல்லீங்களா?"

"இல்லீங்க. டிக்கியில கூடப் பாத்துட்டேன்."

"தனியா வரக் கூடாதுங்க. நேரங்காலம் பாக்கோணும். நல்ல காரியத்துக்குப் போறீங்களா?"

"அது போனாத்தாங்க தெரியும்."

"சகுனமே செரியில்லைங்களே. யாரையாச்சும் போன் போட்டுக் கூப்புடுங்க," என்று சொல்லிவிட்டு, கடமை முடிந்த முகத்தோடு போய்விட்டார். அவரும் உதவத்தான் நின்றார். அவரிடம் இருந்தது அவ்வளவுதான்.

சாலைக்கு அந்தப் பக்கம் நூறு நாள் வேலைக்காரர்கள் வாய்க்கால் தூர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பதினைந்து பேர் இருக்கும், எல்லாரும் பெண்கள், புடவைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய சட்டை. இவர்களைப் பற்றியும் நான் எழுதியிருக்கிறேன். நூறு நாளும் மரத்தடி நிழலை அளந்து கணக்குக் காட்டுகிறார்கள் என்று ஒரு வரி. நிறையப் பேர் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். பாராட்டியவர்களில் ஒருவரும் இப்போது இந்தச் சாலையில் வரக்காணோம். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பேர் சாலையைக் கடந்து வந்தார்கள். ஒருத்தி தலையில் மஞ்சள் துண்டு கட்டியிருந்தாள், நாற்பது வயது இருக்கும். மற்றவர் அறுபதைத் தாண்டிய அம்மா, வாயில் வெற்றிலை.

"என்னுங்கக்கா, காத்துப் போச்சுங்களா?" என்றாள் மஞ்சள் துண்டு.

"காத்தும் போச்சு, ஜாக்கியும் போச்சு."

"அதெங்க போச்சு?"

"தம்பி தறிக்கு முட்டுக் குடுத்திருக்கு."

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "எங்கூட்டுல கட்டிலுக்குக் குடுத்திருக்குதுங்க. கொழுந்தன் வண்டி ஜாக்கி. மூணு வருசமாச்சு," என்றாள். இத்தனை லாரி ஓடுகிற சீமையில் ஜாக்கி எல்லாம் வீட்டைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

"உன்ற ஊட்டுக்காரனக் கேளு," என்றார் வெற்றிலைக்காரர். "ரிக்குல இருக்கறவனுக்குத் தெரியாததா."

மஞ்சள் துண்டின் கணவர் போர்வெல் ரிக் வண்டியில் வேலை. அன்றைக்குச் சத்தீஸ்கரில் ஏதோ ஒரு காட்டில் இருந்தார். அவள் வீடியோ கால் போட்டாள். பின்னணியில் ஒரு மஞ்சள் லாரியும், வேறு நாட்டு வெயிலும் தெரிந்தன.

"என்ன புள்ள, வேல நேரத்துல?"

"இங்க ஒரு அக்கா வண்டி பஞ்சருங்க. ஜாக்கி இல்ல. என்ன பண்றது?"

"உன்ற மூஞ்சி எனக்குத் தெரியும். டயரக் காட்டு."

காட்டினாள். அவர் முதலில் தலைகீழாக ஒரு டயரையும், பிறகு என் காலையும், பிறகு வானத்தையும் பார்த்து, கடைசியில் நிலைமையைப் புரிந்துகொண்டார்.

"அக்கா, மண்ணு மேலதான நிக்குது? அப்பப் பிரச்சனையே இல்லீங்க. வண்டியத் தூக்க வேண்டாம். நெலத்த எறக்குங்க."

"நிலத்தையா?"

"ஆமாங்க. பின் அச்சுக்குக் கீழ, சக்கரத்த ஒட்டி, பெரிய கல்லா வெச்சு டைட்டா முட்டுக் குடுங்க. பொறவு டயருக்கு அடியில பறிங்க. வண்டி கல்லு மேல நிக்கும், டயரு அந்தரத்துல நிக்கும். இங்க ரிக்கு எறங்குனா நாங்க இதத்தான் பண்றோம். மொதல்ல நட்டத் தளத்தீருங்க, அந்தரத்துல நின்னா கூடவே சுத்தும். முன் சக்கரம் உருளாம அண்டக் கல்லு வைங்க. கையி தலைய வண்டிக்குள்ள உட்ராதீங்க."

வெளியூர்த் தொழில்நுட்ப ஆலோசனை என்று இதைத்தான் சொல்கிறார்கள் போல.

ஸ்பேனரை நட்டில் மாட்டி அழுத்தினேன். நட்டு அசையவில்லை. அதன் கைப்பிடி மேல் ஏறி நின்றேன். கடக் என்று இளகியது. நாற்பது வயதுக்கு மேல் ஏறிய உடம்பினால் எனக்குக் கிடைத்த முதல் லாபம் அது. அந்த உற்சாகத்தில் இரண்டாவது நட்டின் மேல் லேசாகக் குதிக்கப் போனேன்.

"குதிக்காதீங்க சாமி," என்றார் வெற்றிலைக்காரர். "சும்மா நில்லுங்க, அதே போதும்."

வாய்க்கால் கரையில் கிடந்த கருங்கற்களை இன்னும் நாலு பேர் சேர்ந்து உருட்டி வந்தார்கள். அச்சுக்குக் கீழே தள்ளி, இடைவெளியில் ஒரு பலகைத் துண்டைச் செருகி, மண்வெட்டிக் காம்பால் இடித்து இறுக்கினார்கள். பிறகு பறிக்க ஆரம்பித்தார்கள். நானும் ஒரு மண்வெட்டியை வாங்கி ஐந்து போடு போட்டேன். ஐந்தாவது போடு என் செருப்பின் மேல் விழுந்தது. மண்வெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

"இவ்வளவு அவசரமா எங்கீங்க போறீங்க?" என்றாள் மஞ்சள் துண்டு, குனிந்தபடி.

சொன்னேன். விடுதலைப் பத்திரம் என்றதும் எல்லா மண்வெட்டியும் ஒரு கணம் நின்றன.

"நானும் போட்டேனுங்க," என்றாள் அவள். "பொடவ குடுத்தாங்க. ரெண்டாவது தொவையல்ல சாயம் போயிருச்சு. நெலம் அப்படியே இருக்குது. இப்ப பஸ்ஸுல போறப்ப ஜன்னல் வழியாப் பாத்துக்கறது."

"நான் போடப் போறதில்லைங்க. அதைச் சொல்லத்தான் போறேன்."

பத்து நாளாக வராத வாக்கியம், முன்பின் தெரியாத ஒருத்தியின் முதுகைப் பார்த்துச் சொன்னபோது சுலபமாக வந்தது. யாரும் கை தட்டவில்லை. வெற்றிலைக்காரர் ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"போடலீன்னா பொறந்த ஊட்டுக் கதவு சாத்திக்கும் சாமி. நாளைக்கு உம்பட புள்ளைக்குக் கல்யாணம்னா தாய்மாமன் சீரு ஆரு கொண்டாருவா? ஒரு சண்ட சத்தம்னா ஆரு வந்து கேப்பா? நானு ரோசிச்சுத்தான் போட்டேன். இன்னிக்கும் எங்கண்ணன் தீவாளிக்கு வருது."

"வந்து என்ன பண்ணுது? பலகாரந் தின்னுட்டுப் போகுது," என்றாள் மஞ்சள் துண்டு.

"அதுக்காச்சும் வருதில்ல."

"அந்தப் பலகாரத்த ஒரு ஏக்கராவுல வெச்சுத் திங்கலாமில்ல, ஆத்தா?"

இருவரும் பறிப்பதை நிறுத்தாமல் சண்டை போட்டார்கள். வெற்றிலைக்காரர் சொன்னது பொய் இல்லை. எனக்கு ஒரு பெண் இருக்கிறாள். சீர்த்தட்டு இல்லாத ஒரு மேடையை நான் பத்து ராத்திரியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

போன் அடித்தது. தம்பி.

"அக்கா, எங்க வந்துட்டிருக்க?"

டயர் விவரத்தைச் சொன்னேன்.

"ஐயோ. ஜாக்கி?"

"உன் தறிக்கு அடியில்."

"அதை எடுத்தா தறி ஆடுமே அக்கா," என்றான், உண்மையான கவலையோடு. "செரி, நீ அங்கயே நில்லு. அண்ணன் பத்திரத்துல போட்டோ ஒட்டிட்டு இருக்காரு. பதினோரு மணிக்கு நான் வண்டி எடுத்துட்டு வாரேன். அண்ணியும் வருது. உன்ற காரை அப்பறம் பாத்துக்கலாம்."

அவன் நல்லவன். அதுதான் ஆபத்து. அவன் காரில் ஏசி போட்டு, தண்ணீர் பாட்டில் கொடுத்து, அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, மடியில் பட்டுப்புடவைப் பையோடு வந்தால், நான் பதிவு அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் மூன்று முறை 'சரி' சொல்லியிருப்பேன். என்னைக் காப்பாற்றிக் கூட்டிப்போனவர்களிடம் பங்கு கேட்க எந்த வாயால் முடியும்?

"வேண்டாம். நானே வர்றேன்," என்றேன்.

"எச்சாப் பேசாத அக்கா. நான் வாரேன்," என்று வைத்துவிட்டான்.

"பதினொண்ணேகாலுக்குள்ள நான் இங்கேருந்து கிளம்பணுங்க," என்றேன், பொதுவாக எல்லாரையும் பார்த்து. காரணம் யாரும் கேட்கவில்லை. மண்வெட்டிகள் வேகம் எடுத்தன. என் காரின் அடியில், நிலம் மெதுவாகக் கீழே போனது.

டயர் கழன்று வந்தது. ஸ்டெப்னியைத் தூக்கி வைத்தால் உள்ளே போகவில்லை. காற்று இல்லாத டயருக்குத் தோண்டிய பள்ளம், காற்று உள்ள டயருக்குப் போதவில்லை. சத்தீஸ்கரைக் கூப்பிட்டோம். "இன்னொரு சாண் பறிங்க. இதுக்கெல்லாமா போன் பண்ணுவீங்க?" என்றார்.

அந்த நேரம் பார்த்து வேலையைக் கண்காணிக்கும் பெண் ஸ்கூட்டியில் வந்தாள். இவர்களுக்கு வருகைப் பதிவு என்றால் வேலை இடத்தில் நிற்கிற போட்டோ. போட்டோவில் இல்லாதவளுக்கு அன்றைய நாள் இல்லை. வாய்க்காலில் பாதிப் பேர்தான் இருந்தார்கள். மீதிப் பாதி என் காருக்குப் பின்னால்.

"இங்க என்ன பண்றீங்க எல்லாரும்?"

"மண்ணுதான் வெட்டறோம்," என்றாள் மஞ்சள் துண்டு.

"இந்தக் குழி எஸ்டிமேட்லயே இல்லியே."

"எழுதிக்க கண்ணு. இலவசம்," என்றார் வெற்றிலைக்காரர்.

எல்லாரும் வாய்க்காலுக்கு ஓடினார்கள். நான் கையில் நட்டுகளோடு, முழங்கை வரை மண்ணோடு, செருகிய கொசுவத்தோடு நின்றேன். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "ஏனுங்கக்கா, அங்க தனியா நின்னா போட்டோவுல விழ மாட்டீங்க. வரிசையில வந்து நில்லுங்க," என்றாள். வாய்க்காலில் இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எழுத்தாளர் என்று என்னை ஒருவரும் முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டதில்லை. வேலை செய்கிறவள் என்று கண்டது அதுதான் முதல் தடவை.

போட்டோ முடிந்து திரும்பி வந்தார்கள். ஒரு சாண் பறித்தார்கள். ஸ்டெப்னி உட்கார்ந்தது. நட்டுகளை நானே இறுக்கினேன். இதில் மட்டும் யாரையும் தொட விடவில்லை. இப்போது வண்டி கல்லின் மேல் நிற்கிறது, சக்கரம் குழிக்குள் தொங்குகிறது. சக்கரத்துக்கு அடியில் மண்ணைக் கொட்டி மிதித்துக் கெட்டியாக்கினார்கள். பிறகு கல்லுக்குப் பக்கத்தில் பறிக்கப் பறிக்க, கல் அசைந்து பள்ளத்தில் சரிந்தது. கார் ஒரு பெருமூச்சு விட்டுத் தன் சொந்தக் காலில் நின்றது. மணி பதினொன்று பத்து.

பின்சீட்டில் ஆட்டையாம்பட்டி முறுக்கு இரண்டு பை இருந்தது, அண்ணன் வீட்டுக்கு வாங்கியது. சண்டைக்குப் போனாலும் பிறந்த வீட்டுக்கு வெறும் கையோடு போகக் கூடாது என்று வளர்த்திருக்கிறார்கள். இரண்டையும் எடுத்து நீட்டினேன். மஞ்சள் துண்டு ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அது அவங்களுக்குக் குடுங்க. பங்கு கேக்கறவங்க பங்கு வெக்கோணுமில்ல."

"சாமி," என்றார் வெற்றிலைக்காரர், கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு. "நான் சொன்னதுதான் நாயம். ஆனா போறதுன்னு போனா, அழுதுட்டு நிக்காத. அழுதா போட்டுருவ."

மரத்தடி நிழலைப் பற்றி நான் எழுதிய அந்த ஒரு வரியை அவர்களிடம் சொல்லவில்லை. சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அது இன்னொரு கட்டுரைக்கு ஆகியிருக்கும். கிளம்பினேன்.

மல்லசமுத்திரத்துக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது தம்பியின் வெள்ளைக் கார் எதிரே வந்தது. முன்சீட்டில் அண்ணி. நிற்கச் சொல்லி அவன் கையைக் காட்டினான். நான் இரண்டு தடவை லைட்டைப் போட்டுக் காட்டிவிட்டு நிற்காமல் போனேன். கண்ணாடியில் பார்த்தேன்; அவன் ஓரமாக ஒதுக்கி, பின்னால் வந்து, முன்னால் போய், கஷ்டப்பட்டுத் திருப்பி என் பின்னாலேயே வந்தான். பத்திர எழுத்தர் கடைக்கு நான் முன்னால், என்னைக் கூட்டிப்போக வந்தவர்கள் பின்னால், ஊர்வலமாகப் போய்ச் சேர்ந்தோம்.

அண்ணன் நாற்காலியில் இருந்து எழுந்தார். என் புடவையைப் பார்த்தார்.

"என்ன அம்மிணி இது, எங்க உழுந்த?"

"விழலைண்ணா. டயர் மாத்தினேன்."

"ஆரு?"

"நான்தான்." நாலில் ஒரு பங்கு உண்மை.

"சாப்பிட்டியா?"

அந்தக் கேள்வி வந்தேவிட்டது. ராத்திரி முழுக்க நான் தயாரித்து வைத்திருந்த உரை, உவமை, உரிமை, அப்பாவோடு நான் தறிக்குப் பாவு நூல் ஓட்டிய நாட்கள் எல்லாம் அத்தோடு வரிசையாக வெளியேறின. மிச்சம் இருந்ததைச் சொன்னேன்.

"சாப்பிடலை. கையெழுத்தும் போடலைண்ணா."

அண்ணி உள்ளே வந்தவர், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"உனக்கு என்ன கொறை வெச்சோம்?" என்றார் அண்ணன்.

"ஒரு குறையும் வைக்கலை."

"பொறவு?"

"பிறகு ஒண்ணுமில்லைண்ணா. என் பங்கு எனக்கு வேணும்."

கண் எரிந்தது. மண் விழுந்திருக்கலாம். துடைக்கவில்லை. பத்திர எழுத்தர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துவிட்டு, "அப்ப இதை என்னங்க பண்றது? பிரிண்ட் எடுத்தாச்சுங்களே," என்றார்.

"மூணு பாகமா வேற எழுதுங்க. அவசரமில்லை. நான் எப்ப கூப்பிட்டாலும் வர்றேன்."

அண்ணன் யாரையும் பார்க்காமல் பத்திரத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, "டீ குடிச்சுட்டு வாரேன்," என்று எழுத்தரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கினார். என்னை வா என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் டீக்குக் கூப்பிடாமல் போவது என்றால், கதவைச் சாத்துவதுதான். தம்பி வாசலில் சாவியைச் சுழற்றிக்கொண்டு, எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நின்றான்.

நானும் படி இறங்கினேன். டீக்கடையில் ஒரே ஒரு பெஞ்ச். அண்ணன் ஒரு முனையில் உட்கார்ந்து, மறு முனையில் பத்திரம் இருந்த மஞ்சள் பையை வைத்திருந்தார். அவர் நகரவில்லை; நான் நகரச் சொல்லவும் இல்லை. கடைக்காரரிடம் எனக்கும் ஒரு டீ சொன்னேன். பிறகு பையை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு, அந்த இடத்தில் உட்கார்ந்தேன்.